பதிலாள்

காலை ஏழுக்குக் கம்ப்ரசர் இருமிக்கொண்டு எழும்.
மஞ்சள் குழாயின் ஒரு முனை அதன் வாயில்,
மறுமுனை என் வாயில்.
நடுவில் டெல்ஃபின் அசெவெதோ,
குழாய் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்பவள்.
"பெட்ரோல் நாத்தம் வந்தா ரெண்டு தரம் இழு" என்பாள்.
எங்களுக்கு வேறு பிரார்த்தனை இல்லை.

முப்பதடியில் தரை முழுக்க ஊதா.
கத்தரிப்பூ ஊதா என்றால் அழகாகிவிடும்,
அதனால் சொல்லவில்லை.
அடிபட்ட இடம் மூன்றாம் நாள் காட்டுகிற நிறம்.
கால் வைக்க இடமின்றி, முள்ளோடு முள் உரச
கடல் முள்ளெலிகள்.

இங்கே காடு இருந்தது.
வேரில்லாத காடு. பாறையை ஒரு கைப்பிடியாகப் பற்றிக்கொண்டு
நாளுக்கு ஒரு சாண் வளர்ந்து
உச்சியில் வெங்காயம்போல் ஒரு காற்றுக்குமிழைத் தூக்கி
தலைமுடியை விரித்துப்போடும் கெல்ப்.
என் குழாய் அதில் சிக்கும்போதெல்லாம்
நாசமாய்ப் போ என்று திட்டியிருக்கிறேன்.
பலித்துவிட்டது.

என் வாக்கால் இல்லை, தெரியும்.
கலிஃபோர்னியாவின் இந்தக் கரையில்
காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்,
எல்லாமே உண்மை.
முள்ளெலியை மார்பில் வைத்து உடைத்துத் தின்ற நீர்நாயை
யாரோ ஒரு சீமாட்டியின் கோட்டுக்காக
எந்தக் காலத்திலோ உரித்து முடித்தாயிற்று.
மிச்சமிருந்த காவல், இருபது கை நட்சத்திரம்,
சைக்கிள் சக்கரம் அளவு.
ஒரு நோய் வந்தது.
கை ஒரு பக்கம் நடந்து போக
உடல் ஒரு பக்கம் கரைந்து கிடந்ததை
இந்தக் கண்ணாலேயே பார்த்தேன்.
பிறகு, தண்ணீர் ஆறவேண்டிய மாதத்தில் ஆறவில்லை.

காடு இருந்தவரை முள்ளெலி வெளியே வராது.
பொந்து வாசலுக்கே இலை வந்து விழும்,
உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு.
விழுவது நின்றபோது
நடக்கத் தொடங்கியது.

ஆக, நான்.
சுத்தியல்.
மணிக்கு எழுநூறு.
தூக்கத்திலும் எண்ணுகிறேனாம்,
எண்ணாதே என்கிறாள் டெல்ஃபின்.

உடைத்தால் உள்ளே ஒன்றுமில்லை.
ஐந்து மஞ்சள் நாக்கு இருக்கவேண்டிய இடத்தில்
கொஞ்சம் பழுப்புத் தண்ணீர்.
சாவதற்குக்கூட அவசரப்படாத பட்டினி.
பாறையின் இளஞ்சிவப்புத் தோலைச் சுரண்டிக்கொண்டே
வருடக்கணக்கில் காத்திருக்கும், வளராமல், குறையாமல்.
கொழுத்த செம்முள்ளெலிகளைக்
கூடை கூடையாய் டோக்கியோவுக்கு அனுப்பிய கை இது;
பந்தியில் எனக்கும் ஓர் இலை இருந்தது.
இப்போது பரிமாறவும் நானே.

மூன்றாவது வாரத்தில் ஒரு மீன்,
கிரீன்லிங், பச்சைப்புள்ளி,
உழும் டிராக்டருக்குப் பின்னால் கடல்காக்கை வருமே
அப்படி வந்தது.
சுத்தியல் விழும் சத்தத்துக்கு வாயைத் திறந்தது.
அதற்கு நான் மனிதன் இல்லை.
இருபது கையில் பதினெட்டைத் தொலைத்துவிட்ட
ஏதோ ஒன்று.
கோபம் வரவில்லை. கொஞ்சம் பெருமைகூட.

நேற்று, சுத்தம் செய்த பாறையின் வடக்குச் சரிவில்
சுண்டுவிரல் நகம் அகலத்தில் ஓர் இலை.
ஆறிப்போன தேநீர் நிறம்.
இழுப்புக்கு இழுப்பு ஆடி, விடாமல் நின்றது.
இரண்டடி தள்ளி ஓர் ஊதா
அதை நோக்கித் திரும்பியிருந்தது. முகம் இல்லாததற்கு
திரும்புதல் உண்டா என்று கேட்காதீர்கள், திரும்பியிருந்தது.

இடையில் போய்ப் படுத்துக்கொண்டேன்.
சுத்தியலை எடுக்கவில்லை, ஏனென்று தெரியாது.
மேலே கம்ப்ரசர் எண்ணெய் குடித்து
எனக்கு மூச்சு அனுப்பிக்கொண்டிருந்தது.
தண்ணீரைச் சுடவைத்ததும் அதே எண்ணெய்தான் என்கிறார்கள்.
இழுத்தேன், விட்டேன். என் குமிழ்கள்
கெல்ப் நின்ற வழியாகவே மேலே போயின.

அப்புறம் அடித்தேன். ஒன்று.
கிரீன்லிங் வந்தது.

குழாய் இரண்டு தரம் இழுபட்டது,
இம்முறை அவள் பக்கமிருந்து. காற்று திரும்புகிறதாம்,
வியாழன் வரை யாரும் இறங்க முடியாது.
படகில் ஏறி, துண்டால் காதைத் துடைத்தபடி
வானொலியில் வானிலை கேட்டோம்.
கீழே
அவை வானிலை கேட்பதில்லை.